கச்சான் பக்கம்

உட்துறைமுக வீதி, திருகோணமலை
2025 யூன் 2

அன்புள்ள ஐவி தங்கச்சிக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. நலமில்லாத ஆளுக்கு ஒருவரை வாட்ஸப்பில் தடைசெய்கிற தெம்பு வராது. நான் அனுப்பிய குரல் செய்தி பதினொரு நிமிடம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதில் ஏழு நிமிடம் என் இருமல். மிச்ச நாலு நிமிடத்தில் உங்கள் முப்பரிமாணப் படத்தைச் சவ்வரிசிப் பாயாசம் என்று சொன்னதும் உண்மை. ஆனால் அதைக் கொழும்பில் இருக்கிற உங்கள் சிநேகிதி சுதர்ஷிகாவுக்கு அனுப்பியது நான் இல்லை. நான் எங்கள் சங்கத் தலைவர் ஜமால்தீனுக்கு மட்டும்தான் அனுப்பினேன். அவருக்கு ஒன்று அனுப்பினால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொன்ன மாதிரி என்பது இருபது வருடமாகத் தெரிந்தும் அனுப்பினேன்.

ஆகவே கடிதம். தபால் கந்தோரில் இருபத்தெட்டு வருடம் மற்றவர்களின் கடிதங்களை ஊர்வாரியாக அடுக்கிய கை இது. மின்னஞ்சலில் போனாலும் தேதி போட்டு எழுதினால் கடிதம் கடிதம்தான்.

நடந்ததைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து, கடற்றொழிலாளர் சங்கக் கந்தோரில் பதினாறு பேர் கூடினோம். மூன்று வருடமாக ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு கிண்ணியா, மூதூர், நகரம் என்று நான் அலைந்து, கொட்டியாரக் குடாவின் வயிற்றுக்குள் என்ன கிடக்கிறது என்று கடலடிக்கு இறங்குகிற சுழியோடிகளிடமும் மீன்பிடிகாரரிடமும் கேட்டுச் சேர்த்தது அறுநூற்றுப் பன்னிரண்டு பதிவு. எங்கே கல், எங்கே உடைந்த கப்பல், எங்கே நீரோட்டம் இழுக்கும், எங்கே வலை அறுந்து கிடக்கிறது. இதைப் புத்தகமாகப் போட்டு, பின்னட்டையில் கன்னத்தில் கைவைத்தபடி என் படத்தையும் போடுவது என்பது என் திட்டம். நீங்கள்தான், 'புத்தகத்தை ஒருவரும் வாசிக்கமாட்டார்கள் நானா, உள்ளே புகுந்து பார்க்கிற மாதிரி ஒன்று செய்து தருகிறேன்' என்றீர்கள். பின்னட்டையைத் தியாகம் செய்தேன்.

திரையைப் போட்டோம். கறுப்பு வானத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு உருண்டை. ஜமால்தீன் சுட்டியைக் கொஞ்சம் அசைக்க, எல்லாம் அவருடைய தோளுக்கு மேலால் சுற்றிக்கொண்டு போய்விட்டது. "என்ட கிண்ணியா எங்க போச்சு?" என்று மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தார். பாக்கியரத்தினம் மாஸ்டர் கதிரையின் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அறுபது வருசம் கடல்ல எனக்குச் சத்தி வரேல்ல, இப்ப கதிரையில வருது" என்றார்.

சிரிக்காத ஆள் ஒருவர்தான். என் மனைவி லைலாவின் தம்பி, சுழியோடி இன்பாஸ். அரை மணித்தியாலம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மச்சான், இதுக்குள்ள இறங்கினா எது அடி?" என்று கேட்டார்.

தங்கச்சி, விஷயம் இதுதான். உங்கள் படத்தைப் பார்த்து முதலில் கடலில் இறங்கப்போகிறவர் இன்பாஸ். அவரே கையை உயர்த்திவிட்டார். லைலா என்னிடம், "என்ட தம்பிக்கு ஏதும் எண்டா உங்கட கம்பியூட்டரையும் உங்களையும் சேத்துக் கடல்ல போடுவன்" என்று சொல்லியிருக்கிறாள். அவள் பகிடி விடுகிற ஆள் இல்லை. இருபத்தேழு வருடத்தில் என் நகைச்சுவைக் கட்டுரைகளுக்கு அவள் ஒருமுறைதான் சிரித்தாள். அது அச்சுப்பிழை.

தடைசெய்யப்பட்ட,
கலீலுர் றஹ்மான்

*

பேர்கன், நோர்வே
2025 யூன் 6

கலீல் நானாவுக்கு,

பாயாசம் என்று சொன்னதற்காக நான் கோபிக்கவில்லை. பாயாசத்தில் சவ்வரிசி எந்த இடத்திலும் ஒரே மாதிரித்தான் கிடக்கும். என் படத்தின் பிழையும் அதுதான் என்று மூன்றாம் நாள் விளங்கியது. கோபம் அதற்குப் பிறகு வந்தது.

நான் செய்தது இது. பொருளால் நெருங்கியவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வலைக்குப் பக்கத்தில் வலை, நீரோட்டத்துக்குப் பக்கத்தில் நீரோட்டம். நூலகத்துக்கு அது சரி. தண்ணீருக்குள் இறங்குகிற ஆளுக்குச் சரியில்லை. உங்கள் கடிதத்தில் இருந்த ஒரே பிரயோசனமான வசனம் இன்பாஸ் தம்பி கேட்டது. எது அடி?

அதனால் பழையதை எறிந்துவிட்டேன். புதியதில் கொட்டியாரக் குடாவேதான் பாத்திரம். மேலே நீர்மட்டம், அடியில் அடி. ஒவ்வொரு பதிவும் தன் இடத்தில் நிற்கும், தொட்டால் சொன்னவரின் சொல் தெரியும். பலர் சொன்னது பளிச்சென்று இருக்கும், ஒருவர் மட்டும் சொன்னது மங்கலாக. ஆபத்து என்று ஒருவரும் சொல்லாத பக்கம் பச்சையாகத் தெரியும், அந்த வழியால் இறங்கலாம் என்று. பச்சையை நீங்கள் கேட்கவில்லை. யூலை நாலாம் தேதி உதவி நிறுவனத்தின் ஆட்கள் பார்க்க வருகிறார்கள், ஒரு படம் ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று அவர்கள் எதிர்பார்ப்பார்கள்.

கடலில் இலக்கத்தால் இடம் குறித்த பதிவுகள் உங்களிடம் நாற்பது கூட இல்லை. மிச்சத்துக்கு நீங்கள் தட்டச்சு செய்த சொற்களில் இருந்துதான் இடத்தை எடுத்தேன். 'கல்லுக்கு வடக்கே' என்றால் வடக்கு. 'கல்லுக்கு மேல்' என்றால் மேலே. 'கீழ்' என்றால் அடியில். ஒரு ஆச்சரியம்: அறுநூற்றுப் பன்னிரண்டில் மேற்கு, கிழக்கு என்ற சொற்கள் ஒன்பது இடத்தில்தான் வருகின்றன. உங்கள் ஆட்களுக்கு வடக்கும் தெற்கும் போதும் போல. எனக்கு வேலை குறைவு.

இனிமேல் கேள்விக்கு இலக்கம் போட்டுப் பதில் எழுதுங்கள். ஊர்க்கதை வேண்டாம். மாஸ்டர் சத்தி எடுத்தாரா இல்லையா என்பதை மட்டும் சொல்லலாம்.

ஐவி

*

திருகோணமலை
2025 யூன் 13

அன்புள்ள தங்கச்சிக்கு,

1. எடுக்கவில்லை. எழுந்து வாசலுக்குப் போனார், அங்கே ஜமால்தீனின் புது மோட்டார் சைக்கிள் நின்றது, அதைப் பார்த்ததும் மனம் மாறித் திரும்பி வந்துவிட்டார்.

2. உங்கள் புதுப் படம் வந்தது. இலக்கத்தை இதோடு விடுகிறேன், மூச்சு முட்டுகிறது.

என்ன சொல்ல. குடாவைத் தூக்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த மாதிரி. கையால் திருப்பினால் மூதூர்க் கரை பக்கம் வருகிறது, உள்ளே இறங்கினால் தண்ணீர் கறுக்கிறது. தங்கள் சொல் தங்கள் இடத்தில் நிற்பதைப் பார்த்த சுழியோடிகள் ஒவ்வொருவராக வந்து திரையைத் தொட்டுப் பார்த்தார்கள். திரை முழுக்க மீன் கை. நான் துடைக்கவில்லை.

சீனிக் கப்பலையும் பார்த்தோம். அந்தக் காலத்தில் சீனி ஏற்றி வந்து கடலில் தாழ்ந்தது என்று பாதிப்பேர், சீமெந்து என்று மீதிப்பேர், இரண்டையும் நீங்கள் ஒரே கப்பலுக்குள் வைத்திருக்கிறீர்கள், ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை. அந்தக் கப்பலில்தான் இன்பாஸ் இறங்கப்போகிறார், பன்னிரண்டு பாகம் ஆழம், சிங்கிறால் நிறைய இருக்கிறதாம். கப்பலுக்கு மேல் இழுவை வலை ஒன்று கிடக்கிறது என்ற பதிவு 214 பக்கீர் காக்கா சொன்னது. போன வருடம் அவர் மௌத்தாகிவிட்டார், இனி அவரிடம் கேட்க ஏலாது. அந்த வலையைக் கண்ட ஆள் அவர் ஒருவர்தான், அதனால் உங்கள் கணக்கில் அது மங்கல். கப்பலின் தலைக்கு மேல் புகை மாதிரி மிதக்கிறது. இன்பாஸ் அதைச் சுற்றிவந்து பார்த்து, "வலை மேலால கிடக்கு, அப்ப நான் பச்சையால சாய்வா வந்து பக்கவாட்டில நுழையலாம்" என்றார். படத்தைத் தன் கைபேசியிலும் இறக்கிவைத்திருக்கிறார். சாப்பிடும்போதும் கப்பலுக்குள்ளேதான் இருக்கிறார் என்று லைலா சொல்கிறாள். இப்போது கச்சான் காற்று பலமாக அடிக்கிறது. அது விழுந்து கடல் அடங்க வேண்டும். இறங்குவதை இருபத்தெட்டாம் தேதி என்று வைத்திருக்கிறார்கள்.

ஒரு பகிடி. படகு கட்டுகிற எங்கள் ஜெற்றியைப் பார்த்தால், மீனுக்கு ஐஸ் வைத்த கட்டடம், அந்தப் பழைய ஐஸ் வாடி, ஜெற்றியின் தலைக்கு மேல் ஆகாயத்தில் தொங்குகிறது. ஐஸ் உருகக்கூடாது என்று குளிரான இடத்தில் வைத்தீர்களா? எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு மட்டும் சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்று தெரியவில்லை. வாய்வு என்று நினைக்கிறேன்.

கலீல்

*

பேர்கன்
2025 யூன் 14

நானா,

ஐஸ் வாடி உண்மையில் எங்கே இருக்கிறது?

பதிவு 87: 'ஜெற்றிக்கு மேல் ஐஸ் வாடி இருந்தது.' உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் செய்மதிப் படத்தைத் திறந்தேன். வாடி ஜெற்றியின் மேற்குப் பக்கத்தில் இருக்கிறது.

லிங்கநகரில் எங்கள் வளவுக்கு மேற்கே இருந்த காணியை அப்பா 'மேல்காணி' என்றுதான் சொல்வார். நானும் அப்படித்தான் சொன்னேன், இந்த நாட்டுக்கு வரும்வரை. மேல் என்றால் மேற்கு, கீழ் என்றால் கிழக்கு. சொல்லை இடமாக மாற்ற ஒரு தமிழச்சி இருந்து எழுதிய விதியில் இது இல்லை. மேல் என்ற சொல்லைக் கண்டதும் எனக்கு உயரம் மட்டும்தான் ஞாபகம் வந்தது.

எண்ணிப் பார்த்தேன். மேல் என்று நூற்று நாற்பத்து மூன்று பதிவு, கீழ் என்று தொண்ணூற்றொன்று. இது இவ்வளவு நாளும் பிடிபடாததற்குக் காரணமும் விளங்குகிறது. நம்முடைய கடல் கிழக்கே. கிழக்கே போகப் போக ஆழம். கீழ் என்றதை அடியில் என்று நான் எடுத்தாலும் படம் ஏறத்தாழச் சரியாகவே தெரியும். பிழையான படம் அதிர்ஷ்டத்தால் சரி மாதிரி நின்றிருக்கிறது.

இப்போது 214. 'சீனிக் கப்பலுக்கு மேல் இழுவை வலை ஒன்று கிடக்கிறது. அப்பக்கம் செல்ல வேண்டாம்.' வலை கப்பலுக்கு மேற்கே கிடந்தால், நான் பச்சை பூசிய வழி நேரே வலைக்குள் போகிறது.

இன்பாஸ் தம்பிக்கு இன்றைக்கே சொல்லுங்கள். ஒலிப்பதிவுகளை அனுப்புங்கள், முதலில் பக்கீர் காக்காவுடையது. எது மேற்கு எது மேலே என்று அவர்களுடைய வாயால் கேட்டால்தான் திருத்தலாம்.

ஐவி

*

திருகோணமலை
2025 யூன் 17

அன்புள்ள தங்கச்சிக்கு,

பதறாதீர்கள். இருபத்தெட்டுக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. இன்பாஸுக்குச் சொல்லத்தான் போகிறேன். ஆறுதலாக உட்கார்ந்து சொல்ல வேண்டிய விஷயம், வழியில் மறித்துச் சொல்ல ஏலாது.

ஒலிப்பதிவு எல்லாம் அலுமாரிக்குள் இருக்கிறது. அது பூட்டிக் கிடக்கிறது, அலுமாரித் திறப்பு லைலாவிடம். லைலா மூதூரில், அவளுடைய கூடப்பிறந்த ராத்தாவின் மகள் அம்ராவின் கலியாணத்தில். நேற்று நானும் போய் வந்தேன். புரியாணியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். ஒரு சகன் தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்தோம். எனக்கு எதிரே ஜமால்தீன். அவருடைய கை சகனின் நடுவில் இறங்கினால் மற்ற ஐந்து பேரும் கரையோரத் தொழில்தான். இறைச்சி எங்கே இருக்கிறது என்று தெரிய உங்கள் முப்பரிமாணப் படம் ஒன்று அங்கேயும் வேண்டியிருந்தது.

மேல் என்ற விஷயத்துக்கு வருகிறேன். அவர்கள் சொன்னதைத்தான் நான் எழுதினேன். 214இல் மேல் என்றால் உண்மையாகவே மேலேயும் இருக்கலாம். வலை மிதக்கிற சாமான்தானே. நீங்கள் அங்கே குளிருக்குள் இருந்து யோசிக்கிறபடியால் எல்லாம் பயங்கரமாகத் தெரிகிறது.

கலீல்

*

பேர்கன்
2025 யூன் 18

நானா,

சுனாமி நிவாரணக் கந்தோரில் உங்களுக்கு எதிர்மேசையில் எட்டு மாதம் இருந்தவள் நான். கிணறு துப்புரவாக்கப் பெயர் தந்தவர்களின் பட்டியலை நீங்கள் தொலைத்த வாரம், தம்பலகாமத்து யானைகளைப் பற்றி எங்களுக்கு இரண்டு நாள் கதை சொன்னீர்கள். நல்ல கதை. பட்டியல் கிடைக்கவில்லை.

இந்தமுறை புரியாணி.

உங்களை மட்டும் சொல்லவில்லை. என்னுடையதையும் எழுதுகிறேன். பச்சைக்கு உண்மையான அர்த்தம், அந்தப் பக்கத்தைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பது. தெரியாத இடத்துக்கெல்லாம் நான் பச்சை பூசியிருக்கிறேன், வருகிறவர்களுக்கு வடிவாக இருக்க வேண்டும் என்று. மூன்று நாளாக நித்திரை இல்லை. எழுந்து எழுந்து கப்பலைத் திருப்பிப் பார்க்கிறேன்.

இரண்டு கேள்வி.
இன்பாஸ் தம்பிக்குச் சொன்னீர்களா?
பக்கீர் காக்கா அந்தப் பதிவில் என்ன சொல் சொன்னார்?

ஐவி

*

திருகோணமலை
2025 யூன் 20

தங்கச்சி,

முதல் கேள்விக்குப் பதில், இல்லை.

இரண்டாவதற்குப் பதில் எழுத இரண்டு நாள் எடுத்தது. அலுமாரித் திறப்பு என்னிடம்தான் இருக்கிறது. நேற்றுத் திறந்து, பக்கீர் காக்காவைக் கேட்டேன். அவர் சொன்னது இது, சொல்லுக்குச் சொல்: "சீனிக் கப்பலுக்குக் கச்சான் பக்கமா இழுவ வல ஒண்டு கிடக்கு. அந்தப் பக்கம் போயிராதீங்க தம்பிமாரே."

மேல் என்று அவர் சொல்லவில்லை. அவரைப் போலத்தான் அனேகம் பேர். அந்த நூற்று நாற்பத்து மூன்றில் பெரும்பாலானதை மேல் ஆக்கியது நான். மேற்கேயிருந்து கச்சான் காற்று அடிக்கிற பக்கம் கச்சான் பக்கம், கிழக்கேயிருந்து கொண்டல் வருகிற பக்கம் கொண்டல் பக்கம். கடலில் இருக்கிற ஆளுக்குத் திசை என்றால் முகத்தில் படுகிற காற்றுத்தான். அதை நான் வீட்டுக்குக் கொண்டுவந்து, மேல் என்றும் கீழ் என்றும் துடைத்து மினுக்கி வைத்தேன்.

ஏன் என்று கேட்பீர்கள். கேளுங்கள், என் மானத்தில் மிச்சம் இருப்பதும் போகட்டும். எட்டு வருடத்துக்கு முன் கொழும்பில் ஒரு இலக்கியக் கூட்டத்தில் என் கட்டுரை ஒன்றை வாசித்தேன். 'கச்சான் பக்கமாகப் படகு போனது' என்று ஒரு வரி. முன்வரிசையில் ஒருவர், "வறுத்ததா, அவிச்சதா?" என்று கேட்டார். அரங்கம் முழுக்கச் சிரித்தது. சுருளில் கட்டிக் கோயில் வாசலில் விற்கிற கச்சான் கடலையைத்தான் அவர்களுக்குத் தெரியும், காற்றைத் தெரியாது. மற்றவர்களைச் சிரிக்கவைத்துப் பிழைக்கிறவன் நான். ஆனால் அன்றைக்கு நான் சொல்லாத பகிடிக்குச் சிரித்தார்கள். அது வேறு மாதிரியான வலி.

உங்கள் படம் உலகம் முழுக்கப் போகும் என்று சொன்னீர்கள். உங்கள் இயந்திரமும் கச்சானைக் கண்டால் கடலுக்குள் ஒரு கூடை கச்சானைக் கொட்டிவிடும் என்று பயந்தேன். அறுநூற்றுப் பன்னிரண்டையும் நல்ல தமிழாக்கினேன். பின்னட்டைப் படம் இல்லாவிட்டாலும் தமிழாவது கன்னத்தில் கைவைத்தபடி இருக்கட்டும் என்று.

இன்பாஸுக்குச் சொல்லாததற்கும் இதுதான் காரணம். அவர் என்னிடம், "நீங்க எழுதினது எண்டபடியாத்தான் மச்சான் நான் நம்பி இறங்கிறன்" என்று சொன்னார். இரண்டு தரம் அவர் வீட்டு வாசல் வரைக்கும் போனேன். ஒருமுறை தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன், மறுமுறை அதுவும் இல்லை.

இன்று அவர் கிளிவெட்டியில், கூட்டாளி ஒருவரின் வீட்டில். நாளைக் காலை வருகிறார். வந்ததும் சொல்கிறேன். இது புரியாணி இல்லை.

கலீல்

*

ஜெற்றி, திருகோணமலை
2025 யூன் 21, காலை

ஐவி,

விடிய எழுந்தபோது வீட்டு முற்றத்து மரத்தில் ஒரு இலையும் அசையவில்லை. கச்சான் விழுந்துவிட்டது. நான் இன்பாஸ் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறு நாற்பது. அவர் இரவே கிளிவெட்டியிலிருந்து வந்து, காற்று விழுந்ததைக் கண்டு, றொஷானையும் கூட்டிக்கொண்டு ஐந்தரைக்கே போய்விட்டார். றொஷான் படகில் கயிற்றைப் பிடித்தபடி இருப்பார், இவர் சிலிண்டரோடு இறங்குவார். எப்போதும் அப்படித்தான்.

கைபேசிக்கு எடுத்தேன். பதினேழு தரம். தொடர்பு இல்லை என்கிறது. சீனிக் கப்பல் கிடக்கிற இடத்தில் தொடர்பு வராது. ஜமால்தீன் ஒரு கதையும் கேட்காமல் தன் படகை அனுப்பினார். அதுவும் இப்போதுதான் போகிறது, புள்ளியாகத் தெரிகிறது.

இப்போது ஏழு ஐம்பது. மூதூர்ப் படகு ஆட்களை ஏற்றுகிறது. ஒருவர் என்னைக் கண்டு, "என்ன நானா, இந்த மாசக் கட்டுரையா எழுதுறீங்க?" என்று கேட்டுக்கொண்டு போனார். ஓம் என்றேன்.

லைலா பக்கத்தில் இருக்கிறாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் கடலில் போடுவேன் என்று சொன்னால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருக்கும். தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி இருக்கிறாள்.

எட்டு இருபது. எனக்கு நேரே ஐஸ் வாடி நிற்கிறது. ஜெற்றிக்கு மேற்கே, நிலத்தில், கூரை இடிந்தபடி. மூன்று வருடமாக நான் தினமும் கடந்து போன கட்டடம். ஆகாயத்தில் அதைக் கண்டபோது சிரித்தேன்.

கலீல்

*

பேர்கன்
2025 யூன் 21

நானா,

படத்தை இணையத்தில் இருந்து முழுதாக அகற்றிவிட்டேன். இனி ஒருவரும் திறக்க ஏலாது. அவருடைய கைபேசியில் இருப்பதை என்னால் எடுக்க ஏலாது.

உங்கள் இலக்கத்தின் தடையை நீக்கிவிட்டேன். இப்போது அழைப்பு எடுக்கிறேன். ஒன்றும் கதைக்க வேண்டாம். தொடர்பில் மட்டும் இருங்கள்.

ஐவி

*

திருகோணமலை
2025 யூன் 22

அன்புள்ள ஐவி தங்கச்சிக்கு,

நேற்று நாங்கள் தொடர்பில் இருந்தது பதினொரு நிமிடம் என்று கைபேசி காட்டுகிறது. இந்தமுறை இருமல் இல்லை. தூரத்தில் படகைக் கண்டு லைலா எழுந்ததும், நான் கைபேசியை மடியில் இருந்து தவறவிட்டேன், அதோடு அறுந்தது. பிறகு 'வந்துவிட்டார்' என்று ஒரே ஒரு சொல் அனுப்பினேன். மூன்று வருடத்தில் நான் உங்களுக்கு எழுதியதில் மிகச் சிறியது. மிச்சத்தை இப்போது எழுதுகிறேன்.

ஜமால்தீனின் படகு போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இன்பாஸ் பச்சை வழியால்தான் இறங்கியிருக்கிறார். தண்ணீர் கலங்கல். மேலேதான் வலை இருக்கிறது என்று தலையைக் குனிந்தபடி, பக்கவாட்டில் போயிருக்கிறார். வலை முதலில் காலைப் பிடித்தது, திரும்பினால் சிலிண்டரின் கழுத்தைப் பிடித்தது. கயிறு வழமை இல்லாமல் துடிப்பதைக் கண்டு றொஷான் இழுக்க, வலை இன்னும் இறுகியது. இழுக்காதே என்று இன்பாஸ் கயிற்றை மூன்று தரம் சுண்டிக் காட்டிவிட்டு, கத்தியை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு கண்ணியாக அறுத்தாராம். கண்ணைத் திறந்தால் பயம் வரும் என்று. மேலே வந்தபோது, நீந்தப் போட்ட கால் செட்டை ஒன்று இல்லை. கணுக்காலில் வலை இழுத்த வரி, இரத்தம் கசிந்து, வளையல் போட்ட மாதிரி.

லைலா அவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு நான் அவருக்கு முன்னால் போய் நின்றேன். இருபது பேர் வரையில் இருந்தார்கள், ஜமால்தீன், மாஸ்டர், படகுக்காரர் எல்லாரும். கச்சானைத் தொட்டுக் கொழும்புக் கூட்டம் வரை சொன்னேன். வாசல் வரை வந்து தேத்தண்ணி குடித்ததையும் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. இந்த ஊரில் நான் கதைத்து ஒருவரும் சிரிக்காமல் இருந்தது இதுதான் முதல் தரம்.

மாஸ்டர்தான் முதலில் வாயைத் திறந்தார். "கச்சான் எண்டா ஆருக்கு வாயூறினது கலீல், எங்களுக்கா? நாங்க உமக்குத்தானே சொன்னனாங்கள், கொழும்புக்காரருக்கா?"

இன்பாஸ் மன்னித்தார் என்று எழுத எனக்கு ஆசை. அப்படி ஒன்றும் அவர் சொல்லவில்லை. "மச்சான், அந்த ரெக்கோடரைக் கொண்டு வாங்க" என்றார். ஈரத்தோடு, காலில் இரத்தத்தோடு, ஜெற்றியில் உட்கார்ந்தபடியே நடந்ததைச் சொன்னார். நான் முழங்காலில் நின்று ரெக்கோடரைப் பிடித்தேன்.

இனி நடக்கப்போவது. மேல், கீழ் என்று எழுதிய இருநூற்று முப்பத்து நாலு ஒலிப்பதிவையும் மறுபடி கேட்கிறேன். இன்று காலை தொடங்கியாயிற்று, பன்னிரண்டு முடிந்தது. பக்கத்துக் கதிரையில் லைலா. நான் தட்டச்சு செய்வதையும் ஒலிப்பதிவில் வருவதையும் சொல்லுக்குச் சொல் பார்க்கிறாள். நான் ஒரு ஒற்றெழுத்தைக் கூட்டினாலும், "அவர் அப்பிடிச் சொல்லல்ல" என்கிறாள். எனக்கு இப்படி ஒரு பதிப்பாசிரியர் வீட்டிலேயே இருந்தது இருபத்தேழு வருடமாகத் தெரியாமல் போய்விட்டது.

நேற்று இரவு நீங்கள் பச்சைக்குப் பதிலாக மூடுபனி போடப்போவதாக வாட்ஸப்பில் எழுதியதைச் சுழியோடிகளுக்கு வாசித்துக் காட்டினேன். தெரியாத இடம் தெரியாத மாதிரியே தெரியட்டும் என்று எல்லாரும் சம்மதம். யூலை நாலாம் தேதி வருகிறவர்களுக்குப் படம் முழுக்கப் பனியாக இருக்குமே என்று ஜமால்தீன் மட்டும் கவலைப்பட்டார். இன்பாஸ் தன் காலைத் தூக்கி மேசையில் வைத்துக் காட்டினார். தலைவர் கவலையை விட்டுவிட்டார்.

உங்கள் விதியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள், கச்சான் என்றால் மேற்கு, கொண்டல் என்றால் கிழக்கு என்று. புதுப் பதிவைக் கீழே தருகிறேன். லைலா இரண்டு தரம் சரிபார்த்தது. இதில் என் கை எங்கேயும் படவில்லை.

கலீல் நானா

பதிவு 613
சொன்னவர்: இன்பாஸ், சுழியோடி
இடம்: சீனிக் கப்பல்

"சீனிக் கப்பலுக்குக் கச்சான் பக்கமா இழுவ வல கிடக்கு. பக்கீர் காக்கா சொன்னது சரி. நான் போய் மாட்டினனான். கப்பல்ல இருந்து ஒரு படகு நீளத்துக்குப் பரவிக் கிடக்கு, தண்ணி கலங்கினா தெரியாது. இறங்கிற ஆக்கள் கொண்டல் பக்கமா இறங்குங்க. மாட்டினா இழுக்க வேணாம், அறுங்க. என்ட ஒரு செட்ட அங்க கிடக்கு, ஆரும் எடுத்தா தாங்க. கச்சான் எண்டா காத்து, திங்கிறது இல்ல. இத மச்சான் திருத்தப்படாது."